அபூடியா வரையும் மனிதர்கள் ஏன் இப்படி இருக்கிறார்கள்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மேற்கு ஆப்பிரிக்காவில் இருக்கிற ஐவரி கோஸ்ட் நாட்டு ஓவியர் அபூடியாவின் படங்களை முதல் தடவை பார்க்கிறவர்கள் சுற்றிச் சுற்றி ஒரே மாதிரியான கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். எனக்குத் தெரிந்த வரையில் அவற்றுக்குப் பதில் எழுதி வைக்கிறேன். நான் ஓவியன் இல்லை, படம் பார்க்கிற ஆள், அவ்வளவுதான். சில பதில்கள் நீளமாகப் போகும், சில இரண்டு வரியில் முடிந்துவிடும்.

யார் இந்த அபூடியா?

இயற்பெயர் அப்துலாயே தியாராசூபா. 1983ல் ஐவரி கோஸ்டின் கிழக்குப் பக்கம், கானா எல்லையை ஒட்டிய அபெங்குரு என்ற ஊரில் பிறந்தவர். ஓவியம் படிக்கப் போகிறேன் என்று சொன்னதில் அப்பாவோடு முட்டிக்கொண்டு சின்ன வயதிலேயே வீட்டை விட்டு வந்ததாகவும், பகலில் பாடம் நடந்த வகுப்பறையிலேயே இரவில் படுத்துக்கொண்டதாகவும் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். படித்தது பிங்கர்வில்லில் இருக்கிற பயன்பாட்டுக் கலைப் பள்ளியில். அபிஜான் பெரிய நகரமாவதற்கு முன்னால் பிரெஞ்சுக்காரர்கள் தலைநகரமாக வைத்திருந்த ஊர் அது. 2003ல் அங்கே முடித்துவிட்டு அப்புறம் அபிஜான் நுண்கலைக் கல்லூரிக்குப் போனார். இப்போது அபிஜானிலும் நியூயார்க்கிலும் மாறி மாறி இருக்கிறார்.

பார்த்தால் சின்னப் பிள்ளை கிறுக்கினது மாதிரி இருக்கிறதே, இவருக்கு ஒழுங்காக வரையத் தெரியாதா?

முதலில் வருகிற கேள்வி எப்போதும் இதுதான். இதைக் கேட்கிறவர்களைப் பார்த்துச் சிரிக்கிறவர்கள் உண்டு, எனக்கு அது பிடிக்காது, ஏனென்றால் நியாயமான கேள்வி. தெரியும் என்பதுதான் பதில். உடம்பின் அளவு, நிழல், வெளிச்சம் எல்லாம் பாடமாக இருக்கிற இரண்டு பள்ளிகளில் வருடக்கணக்கில் படித்துவிட்டு வந்த ஆள். தெரிந்ததை ஓரமாக வைத்துவிட்டு வேறு ஓர் இடத்திலிருந்து கோட்டை எடுத்துக்கொண்டார். அந்த இடம் அபிஜானின் தெருச் சுவர்கள்.

அபிஜானின் வசதியில்லாத பகுதிகளில் தெருவிலேயே வளரும் பிள்ளைகள் கரித்துண்டையோ சாக்கட்டியையோ கையில் எடுத்துக்கொண்டு சுவரில் வரைந்து வைப்பார்கள். தாங்கள் பார்த்தது, தங்களுக்கு வேண்டியது எல்லாம் அதில் இருக்கும். இவர் அந்தக் கோடுகளைத்தான் உட்கார்ந்து பார்த்திருக்கிறார். அதனால் 'குழந்தை வரைந்த மாதிரி இருக்கிறது' என்று நீங்கள் சொன்னால் அவர் கோபித்துக்கொள்ள ஒன்றுமில்லை. குழந்தைகளிடமிருந்து எடுத்தது என்பதை அவரே மறைக்கவில்லை.

ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. இரண்டு மீட்டர் அகலக் கித்தானில் இருபது உருவங்களை நெருக்கியடித்து நிறுத்தி, ஒன்றோடொன்று மோதியும் படம் கலைந்து போகாமல் பார்த்துக்கொள்வது சின்னப் பிள்ளையால் ஆகிற காரியமில்லை. ஒரு மூலையில் மஞ்சள் கத்தினால் எதிர் மூலையில் ஒரு சின்ன மஞ்சள் கோடு அதற்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்கும். அதைத் தேடிப் பாருங்கள், பெரும்பாலும் கிடைக்கும்.

சரி, உருவத்தில் எதைத்தான் கோணலாக்குகிறார்?

எல்லாவற்றையும் கலைத்துப்போட்டிருக்கிறார் என்றுதான் முதலில் தோன்றும். கொஞ்சம் நேரம் பார்த்தால் அவருக்கென்று ஒரு கணக்கு இருப்பது தெரியும், அதை அவர் அதிகம் மீறுவதும் இல்லை.

முதலில் தலை. வளர்ந்த மனிதனின் தலை அவன் உயரத்தில் ஏழில் ஒரு பங்கு, சில பேருக்கு எட்டில் ஒரு பங்கு. ஐரோப்பியக் கலைப் பள்ளிகளில் முதல் வாரத்தில் சொல்லித்தருகிற கணக்கு இது. அபூடியாவின் உருவங்களைக் கண்ணால் அளந்து பார்த்தால் தலை மூன்றில் ஒரு பங்கு, நான்கில் ஒரு பங்கு என்று வரும், சில படங்களில் உடம்பில் பாதி தலைதான். பிறந்த குழந்தைக்கு என்ன கணக்கு தெரியுமா? நான்கில் ஒரு பங்கு. அதாவது வளர்ந்தவர்களின் அளவுகோலை வைத்துப் பார்த்தால் கோணல், குழந்தையின் அளவுகோலை வைத்தால் கிட்டத்தட்ட சரியான அளவு. அவர் பெரும்பாலும் வரைவது குழந்தைகளைத்தான் என்பதால் எனக்கு இது தற்செயலாகத் தெரியவில்லை.

அடுத்தது கண். வட்டம், அதற்குள் ஒரு வட்டம், சில சமயம் அதற்குள்ளும் ஒன்று. இமை கிடையாது, மூடுகிற வசதியே இல்லாத கண். பக்கவாட்டில் திரும்பிய முகம் அரிது. எல்லாரும் நேராக நம்மைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள், அதனால்தான் இந்தப் படங்களுக்கு முன்னால் கொஞ்சம் சங்கடமாக இருக்கிறது. அப்புறம் வாய். உதடு அநேகமாக இருக்காது, ஒரு நீளக் கட்டம், அதற்குள் குறுக்கும் நெடுக்குமாகக் கோடு போட்ட பல்வரிசை. அது சிரிப்பா, கடிப்பா, அலறலா என்று ஒரு படத்திலும் உங்களால் அடித்துச் சொல்ல முடியாது.

கழுத்துக்குக் கீழே வந்தால் அக்கறை சட்டென்று குறைந்துவிடும். கை ஒரு குச்சி, விரல் நாலோ ஆறோ, கால் தரையில் பட்டும் படாமலும் இருக்கும். தரை என்று ஒன்று வரைந்திருந்தால்தானே! தூரம், கிட்டம் என்ற கணக்கும் இல்லை. பின்னால் நிற்கிறவன் முன்னால் நிற்கிறவனைவிடப் பெரிதாக இருப்பான். யார்மேல் கவனம் விழ வேண்டுமோ அவர் பெரிதாகிறார்.

இந்தப் பெரிய தலை, வட்டக் கண் எல்லாம் ஆப்பிரிக்க முகமூடிகளிலிருந்து வந்ததா?

ஓரளவு. மேற்கு ஆப்பிரிக்க மரச் சிற்பங்களில் தலைக்கு உடம்பில் மூன்றில் அல்லது நான்கில் ஒரு பங்கு கொடுப்பது பழைய வழக்கம்தான். ஆளை ஆளாக்குவது தலை என்பதால் செதுக்குகிறவர் அதற்கு இடம் ஒதுக்குகிறார். அபூடியா தன் கித்தான்களில் முகமூடிப் படங்களை வெட்டி ஒட்டவும் செய்கிறார், ஆகவே அந்த உலகத்தைப் பற்றி அவருக்குத் தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது.

எனக்கு இதில் பிடித்த ஒற்றுமை ஒன்று உண்டு. இது என் சொந்தக் கவனிப்பு, அவர் சொன்னதில்லை. ஐவரி கோஸ்டின் நடுப்பகுதியில் இருக்கிற பவுலே மக்களிடம் கோலி என்று ஒரு முகமூடி ஆட்டம் இருக்கிறது. பகல் முழுக்க நடக்கும், நாலு வகை முகமூடிகள் வரிசையாக வரும். அந்த வரிசையில் முதலில் வருவதும் அந்தஸ்தில் கடைசியில் இருப்பதும் க்ப்ளே க்ப்ளே என்ற முகமூடி. தட்டு மாதிரி வட்ட முகம், மேலே இரண்டு கொம்பு, பெரிய கண், செவ்வக வாய்க்குள் பல்வரிசை. நாலு பேரில் இளையவன் இவன், சொல்பேச்சு கேட்காத பயலாகத்தான் இவனைப் பார்ப்பார்கள். அதே நாட்டின் மேற்கே டான் மக்களிடம் ஓட்டப்பந்தயத்துக்கென்றே ஒரு முகமூடி உண்டு, ஓடுகிறவனுக்கு நன்றாகத் தெரிய வேண்டும் என்பதற்காக அதன் கண் துளைகளைப் பெரிய வட்டமாக வெட்டியிருப்பார்கள். இந்த இரண்டையும் பார்த்துவிட்டு அபூடியாவின் தெருப் பிள்ளைகளைப் பாருங்கள். அவர் இவற்றைப் பார்த்து வரைந்தார் என்று நான் சொல்லவில்லை. அந்த மண்ணில் வட்டக் கண்ணும் பல் கட்டமும் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டிய விஷயம் இல்லை, அவ்வளவுதான்.

பிக்காசோ நூறு வருஷத்துக்கு முன்னாலேயே இதைச் செய்துவிட்டாரே?

பிக்காசோ இதை எங்கிருந்து எடுத்தார் என்று திருப்பிக் கேட்க வேண்டும். 1907ல் 'அவிஞோன் பெண்கள்' படத்தை வரைந்துகொண்டிருந்த காலத்தில் பாரிஸின் ட்ரோகாதேரோ அருங்காட்சியகத்துக்குப் போய் ஆப்பிரிக்க முகமூடிகளைப் பார்த்து அதிர்ந்துபோனது எல்லாருக்கும் தெரிந்த கதை. இன்னும் கிட்டத்தில் வரலாம். அவரிடம் ஒரு கிரேபோ முகமூடி இருந்தது, லைபீரியாவும் ஐவரி கோஸ்டும் சேருகிற கடற்கரைப் பக்கத்து மக்களுடையது. கண்ணாகக் குழி இருக்க வேண்டிய இடத்தில் உருளை முன்னால் துருத்திக்கொண்டு நிற்கும். பிக்காசோ அட்டையில் செய்த கிடாரில் துளை இருக்க வேண்டிய இடத்தில் உருளை நீட்டிக்கொண்டிருப்பதற்கு இந்த முகமூடிதான் காரணம் என்று அவருடைய கலை வியாபாரி கான்வைலர் எழுதியிருக்கிறார். ஆகவே அபூடியா பிக்காசோ மாதிரி வரைகிறார் என்று சொல்லும்போது வரிசை தலைகீழாகப் போகிறது.

நூஷி என்கிறார்களே, அது என்ன?

1970களின் கடைசியிலிருந்து அபிஜான் தெருக்களில் உருவான பேச்சு. பிரெஞ்சு இலக்கணத்தை நடுவில் உடைத்து, தியூலா, பவுலே, பேத்தே என்ற உள்ளூர் மொழிகளின் சொற்களைப் போட்டு, தேவைப்பட்டால் ஆங்கிலத்தையும் கலந்து பேசுவது. முதலில் ரவுடிப் பேச்சு என்று திட்டினார்கள், இப்போது பாட்டிலும் விளம்பரத்திலும் அதுதான் ஓடுகிறது. அபூடியாவின் பாணியையும் நூஷி என்றே சொல்வது வழக்கமாகிவிட்டது. பொருத்தம்தான். பள்ளியில் கற்ற ஓவியத்தை நடுவில் உடைத்துத் தெருவில் கிடைத்ததைச் செருகுவதைத்தானே அவரும் செய்கிறார்.

2011 போரில் என்ன நடந்தது? அதனால்தான் புகழ் பெற்றார் என்கிறார்களே?

ஆமாம், பெயர் வெளியே வந்தது அப்போதுதான். 2010 நவம்பர் 28ல் ஜனாதிபதித் தேர்தலின் இரண்டாம் சுற்று நடந்தது. அலஸான் வட்டாரா சுமார் 54 சதவீதம் வாங்கி ஜெயித்தார் என்றது தேர்தல் ஆணையம். அரசியலமைப்புக் குழு வடக்கே பதிவான வாக்குகளைச் செல்லாது என்று தள்ளிவிட்டு, பதவியில் இருந்த லோரான் பாக்போதான் ஜெயித்தார் என்றது. ஒரே நாட்டுக்கு இரண்டு ஜனாதிபதிகள். வட்டாரா அபிஜானில் கோல்ஃப் ஹோட்டலுக்குள் ஐ.நா. படையின் பாதுகாப்பில் அடைபட்டுக் கிடந்தார். 2011 மார்ச் 3ல் அபிஜானின் அபோபோ பகுதியில் ஊர்வலம் போன பெண்களைச் சுட்டதில் ஏழு பேர் செத்தார்கள். ஏப்ரல் 11ல் பாக்போ பிடிபட்டபோது மொத்தச் சாவு மூவாயிரம் அளவில் இருந்தது.

அபூடியாவின் ஸ்டுடியோ அதே கோல்ஃப் ஹோட்டலுக்குப் பக்கத்தில். நிறையப் பேர் நகரத்தை விட்டுப் போய்விட்டார்கள், இவர் போகவில்லை. வரைந்துகொண்டிருக்கும்போதே குண்டு பறக்கும் சத்தம் கேட்கும், சத்தம் ரொம்பப் போனால் நிலவறைக்குள் இறங்கி உட்கார்ந்து வெளியே என்ன நடக்கிறது என்று கற்பனை செய்துகொண்டிருப்பேன், அடங்கியதும் மேலே வந்து அதை வரைவேன் என்று பிறகு சொல்லியிருக்கிறார். வெளியே போக முடிந்த நாட்களில் திரும்பி வந்தவுடன் பார்த்ததை எல்லாம் இறக்கி வைப்பாராம். அந்த நேரத்துக் கித்தான்களில் மண்டை ஓடுகள், துப்பாக்கி பிடித்த உருவங்கள், அதே பல்வரிசை. அந்த வருஷமே லண்டனில் ஜாக் பெல் கேலரியில் படங்கள் தொங்கின.

இந்த இடத்தில் ஒன்றைக் கவனியுங்கள். அவருடைய கண்ணும் வாயும் போருக்கு முன்னாலேயே இப்படித்தான் இருந்தன. போர் வந்து உருவத்தைச் சிதைக்கவில்லை. ஏற்கெனவே கையில் இருந்த கோடு, போர் வந்தபோது அதையும் தாங்கியது. பல கட்டுரைகளில் இதைத் தலைகீழாக எழுதிவிடுகிறார்கள், படித்தால் எரிச்சலாக இருக்கும்.

அப்படியானால் இவரைப் போர் ஓவியர் என்று சொல்லலாமா?

அவருக்கே அந்தப் பெயர் பிடிக்கவில்லை. 2011க்குப் பிறகு அவர் திரும்பிப் போனது பிள்ளைகளிடம்தான். 'தெருவில் குழந்தைகள்' என்ற தலைப்பில் தொடராகவே வரைந்தார். அவர்கள் அழுதுகொண்டு நிற்பதில்லை. கூட்டமாக நிற்பார்கள், கையைத் தூக்குவார்கள், சில பேர் மிரட்டுவார்கள்கூட.

இவரை ஆப்பிரிக்காவின் பாஸ்கியா என்று ஏன் சொல்கிறார்கள்?

பாஸ்கியா 1980களில் புகழ் பெற்ற நியூயார்க் ஓவியர். விற்பதற்கு வசதியான லேபிள் என்பதால் அப்படிச் சொல்கிறார்கள். பார்த்தவுடன் ஒற்றுமை தெரிகிறது, மறுக்கவில்லை. ஆயில் ஸ்டிக் (குச்சியாகக் கெட்டிப்படுத்திய எண்ணெய் வண்ணம்) கோடு, கட்டம் போட்ட பல், தெருச் சுவர் வாசனை. ஆனால் கொஞ்சம் உள்ளே போனால் இரண்டு பேரும் வேறு வேறு ஆட்கள். பாஸ்கியா எழுதுகிறவர். பட்டியல் போடுவார், எழுதியதை அடிப்பார், அடித்ததாலேயே நீங்கள் அதைப் படிப்பீர்கள். ஏழு வயதில் கார் மோதி ஆஸ்பத்திரியில் கிடந்தபோது அம்மா கொடுத்த உடற்கூறு புத்தகம் கடைசி வரை அவர் படங்களில் எலும்பும் உறுப்புமாக வந்துகொண்டே இருந்தது. அவருடைய உருவம் பெரும்பாலும் ஒற்றை ஆள், கிரீடம் வைத்த வீரன், குத்துச்சண்டைக்காரன். அபூடியாவிடம் உடம்புக்குள் என்ன இருக்கிறது என்ற ஆர்வமே கிடையாது, வீரனும் கிடையாது. அவருக்குக் கூட்டம்தான் வேண்டும்.

வேடிக்கை என்னவென்றால் பாஸ்கியா அபிஜானுக்கு வந்திருக்கிறார். 1986 அக்டோபரில் அங்கே பிரெஞ்சுக் கலாசார மையத்தில் அவருடைய கண்காட்சி நடந்தது. ஆப்பிரிக்காவுக்கு அவர் போனது அந்த ஒரு தடவைதான். வடக்கே கோர்ஹோகோ பக்கம் செனுஃபோ கிராமங்களுக்கும் போனார். அபூடியாவுக்கு அப்போது மூன்று வயது! 1988 ஜனவரியில் பாரிஸில் அபிஜான்காரரான ஓவியர் ஊத்தாரா வாட்ஸைச் சந்தித்து நண்பராகி, இரண்டு பேரும் சேர்ந்து மறுபடி ஐவரி கோஸ்டுக்குப் போகத் திட்டம் போட்டிருந்தார்கள். ஆகஸ்ட் 12ல் பாஸ்கியா இறந்துவிட்டதால் அது நடக்கவில்லை. ஆக, யாரிடமிருந்து யாருக்கு என்ன போனது என்று ஒற்றைக் கோடு போட முடியாது.

கித்தானில் ஏதோ ஒட்டியிருக்கிற மாதிரி தெரிகிறதே, அது என்ன?

நல்ல கண் உங்களுக்கு. பாதி விஷயம் அங்கேதான் இருக்கிறது. அவருடைய பெரிய படம் ஒன்றைக் கணினித் திரையில் பெரிதாக்கிக்கொண்டே போங்கள். முழுப் படமாக இருக்கும்போது நாலைந்து முகங்களும் சிவப்பு, நீலத் திட்டுகளும்தான். இன்னும் பெரிதாக்கினால், கன்னம் என்று நினைத்த இடத்தில் பெயின்ட் இல்லை, செய்தித்தாள் பத்தி ஒன்று பாதி தெரியும். பத்திரிகையிலிருந்து வெட்டிய ஒரு புகைப்படத்தின் விளிம்பு, நகல் எடுத்த ஒரு முகமூடி, சித்திரக்கதைக் கட்டம் ஒன்று. இவற்றின்மேல் அக்ரிலிக்கை மெல்லிசாக ஒரு பூச்சு, அது சில இடத்தில் ஒழுகி நிற்கும், அதற்குமேல் ஆயில் ஸ்டிக்கில் அழுத்தமான கோடு. கோடு போகிற வழியில் காகித விளிம்பு தட்டுப்பட்டால் அங்கே கோடு துள்ளும், அதை அவர் சரிசெய்ய மாட்டார். போஸ்டர்மேல் போஸ்டர் ஒட்டிக் கிழிந்த சுவர் எப்படி இருக்குமோ அப்படித்தான் மொத்தக் கித்தானும்.

இதனால் உருவத்துக்கு என்ன ஆகிறது என்றால், தோல் என்று ஒன்று இல்லாமல் போகிறது. அந்தப் பையனின் நெஞ்சுக்குள் நேற்றைய செய்தி தெரிகிறது, வயிற்றில் யாரோ ஒரு பெரிய மனிதரின் முகம். பெரிய தலையைவிட எனக்கு இதுதான் துணிச்சலான கோணலாகத் தோன்றுகிறது. தலையைப் பெரிதாக வரைய நிறையப் பேர் உண்டு. உடம்புக்கும் அதன் பின்னால் இருக்கிற சுவருக்கும் நடுவில் எல்லைக்கோட்டை எடுத்துவிட அவ்வளவு பேர் இல்லை. தெருவிலேயே தூங்கி எழுகிற பிள்ளைக்கு அந்த எல்லை நிஜத்திலும் அவ்வளவு தெளிவாக இருக்காது.

அபிஜானில் இவருக்கு முன்னால் இப்படி யாராவது செய்தார்களா?

செய்தார்கள், இதைச் சொல்லாமல் அவரைத் தனியாகத் தூக்கி வைப்பது சரியில்லை. 1970களிலும் 80களிலும் அபிஜான் நுண்கலைக் கல்லூரி மாணவர்கள் நடத்திய வோஹூ வோஹூ இயக்கம் இருக்கிறது. யூசுஃப் பாத், யாக்கூபா தூரே, தியோடோர் கூதூன்யோன் போன்றவர்கள். ஐரோப்பாவிலிருந்து வரும் கித்தானும் எண்ணெய் வண்ணமும் யானை விலை, அதனால் மரப்பட்டைத் துணி, மணல், இலைச் சாயம் என்று கிடைத்ததில் வரைந்தார்கள். செலவுக்காக ஆரம்பித்தது, போகப் போக அதுவே கொள்கையாகிவிட்டது. சுற்றிலும் கிடப்பதை எடுத்துக் கித்தானில் ஒட்டுகிற அபூடியாவின் பழக்கத்துக்கு அங்கே ஒரு முன்கதை இருக்கிறது.

இன்னொருவர் ஃப்ரெடெரிக் ப்ரூலி புவாப்ரே, 2014ல் காலமானார். போஸ்ட்கார்டு அளவு அட்டையில் பால்பாயின்ட் பேனாவும் வண்ணப் பென்சிலும் வைத்து வரைந்தவர், பேத்தே மொழிக்கென்று நானூற்றுச் சொச்சம் எழுத்துருவங்களை உண்டாக்கியவர். அவருடைய உலகம் அமைதியானது, அபூடியாவுடையது இரைச்சல். ஆனாலும் நேராக நம்மைப் பார்க்கும் அந்தத் தட்டையான முகம் இரண்டு பேரிடமும் உண்டு.

இதை எக்ஸ்பிரஷனிசம் என்று சொல்லலாமா?

உணர்ச்சிக்காக உருவத்தையும் வண்ணத்தையும் முறுக்குகிற ஐரோப்பியப் பாணி அது. அப்படிச் சொன்னால் யாரும் கேஸ் போட மாட்டார்கள். ஆனால் அந்தச் சொல்லோடு 'ஓவியரின் உள்மனக் கொந்தளிப்பு' என்ற கதையும் சேர்ந்து வந்துவிடும். இங்கே கொந்தளிப்பு ஓவியருக்குள் இருக்கிறதோ இல்லையோ, தெருவில் நிச்சயம் இருக்கிறது.

ஏலத்தில் டேமியன் ஹர்ஸ்டையே முந்தினாராமே, நிஜமா?

பிரிட்டிஷ் கலைஞரான ஹர்ஸ்டை எண்ணிக்கையில் முந்தினார். ஹிஸ்காக்ஸ் என்ற காப்பீட்டு நிறுவனம் 2000க்குப் பிறகு படைக்கப்பட்ட கலைப்பொருட்களின் ஏல விற்பனையைக் கணக்கெடுத்து வருஷா வருஷம் பட்டியல் போடுகிறது. 2022ல் அபூடியாவின் 75 படைப்புகள் ஏலத்தில் விற்றன, ஹர்ஸ்டுக்கு 73. பணத்தில் முந்தியதாக இதற்கு அர்த்தம் இல்லை, தலைப்புச் செய்தியை மட்டும் படித்தவர்கள் அப்படி நினைத்துக்கொண்டார்கள்.

இந்த 75ஐப் பார்த்து எனக்குச் சந்தோஷம் மட்டும் வரவில்லை. ஏலத்துக்கு ஒரு படம் வருகிறது என்றால் ஏற்கெனவே வாங்கி வைத்திருந்த யாரோ விற்கிறார் என்று பொருள். அந்தப் பணம் விற்கிறவருக்குப் போகும், ஓவியருக்கு இல்லை. சில நாடுகளில் மறுவிற்பனையில் ஒரு சின்னப் பங்கு ஓவியருக்குச் சட்டப்படி உண்டு, அது சின்னதுதான். ஒரே வருஷத்தில் இத்தனை பேர் விற்றார்கள் என்றால் அதில் எத்தனை பேர் படத்துக்காக வாங்கியவர்கள், எத்தனை பேர் விலை ஏறும் என்று வாங்கியவர்கள்? அந்தச் சில வருஷங்களில் மேற்கு ஆப்பிரிக்க ஓவியர்கள் பலரின் விலை ராக்கெட் மாதிரி ஏறியதற்கும் இந்த மாதிரி வாங்கி விற்கிறவர்கள் ஒரு காரணம்.

உண்மையைச் சொல்லுங்கள், எல்லாப் படமும் ஒரே மாதிரி இல்லையா?

நிறைய வரைகிறார், அதில் சில படங்கள் சும்மா வண்டி ஓட்டியவைதான். வட்டக் கண், பல் கட்டம், மேலே ஒரு சிவப்பு, முடிந்தது. அந்த மாதிரிப் படங்களில் கீழே ஒட்டிய காகிதத்துக்கும் மேலே போட்ட கோட்டுக்கும் பேச்சுவார்த்தையே இருக்காது, எங்கேயோ ஒட்டியிருக்கும், எங்கேயோ கோடு போகும். நல்ல படத்தில் ஒட்டிய முகத்தின் கண்ணே வரைந்த முகத்துக்கும் கண்ணாகிவிடும். நல்லதையும் சுமாரையும் பிரிக்க எனக்குத் தெரிந்த வழி இது ஒன்றுதான்.

தெருப் பிள்ளைகளின் கஷ்டத்தை வரைந்து லட்சக்கணக்கில் விற்பது சரியா?

இதற்குச் சுத்தமான பதில் என்னிடம் இல்லை. அவரே வீடில்லாமல் வகுப்பறையில் தூங்கிய பையன், வெளியிலிருந்து கேமராவோடு வந்தவர் இல்லை என்பது ஒரு பக்கம். லண்டனிலும் நியூயார்க்கிலும் வெள்ளைச் சுவரில் அந்தப் பிள்ளைகளை மாட்டி வைத்துப் பார்க்கிறவர்கள் அபோபோ எங்கே இருக்கிறது என்றுகூடத் தேட மாட்டார்கள் என்பது இன்னொரு பக்கம். ஆனால் ஒன்று சொல்வேன். இரக்கத்தைக் கேட்கிற முகமாக அவர் வரையவில்லை. இரக்கத்துக்கு ஈரக் கண் வேண்டும், கொஞ்சம் தலை சாய வேண்டும், விளம்பரப் புகைப்படங்களில் பார்த்திருப்பீர்கள். இந்தப் பிள்ளைகள் நேராக நின்று பல்லைக் காட்டுகிறார்கள். முகத்தைக் கோணலாக்கியதால் யாரையும் அடையாளம் கண்டுபிடிக்கவும் முடியாது, எந்தக் குழந்தையின் நிஜ முகமும் விற்பனைக்குப் போகவில்லை. புகைப்படத்தால் முடியாத காரியம் அது.

இதே மாதிரி வேறு யாரைப் பார்க்கலாம்?

அபிஜானிலேயே ஆர்மான் பூவா இருக்கிறார், 1978ல் பிறந்தவர். அவருக்கும் தெருப் பிள்ளைகள்தான் விஷயம், ஆனால் கை வேறு. பிரித்து விரித்த அட்டைப்பெட்டியில் தாரும் அக்ரிலிக்கும் பூசிச் சுரண்டி எடுப்பார், உருவம் பாதி அழிந்த நிலையில் நிற்கும். அபூடியா கூட்டிக்கொண்டே போகிறவர், பூவா கழிக்கிறவர். இரண்டு பேரையும் அடுத்தடுத்துப் பார்ப்பது நல்ல பயிற்சி.

பெனினில் டொமினிக் ஸின்க்பே. நீண்டு மெலிந்த உருவங்கள், மனிதனும் மிருகமும் பாதிப் பாதி. செனகலில் சோலி சிஸ்ஸே, அங்கேயும் மிருக முகங்கள், இன்னும் இருட்டு. கானாவின் அமோக்கோ போவாஃபோ வேறு ரகம். உடையையும் பின்னணியையும் தட்டையாக விட்டுவிட்டு முகத்தையும் தோலையும் விரலாலேயே பூசுவார், பிரஷ் இல்லை. உருவத்தின் அளவை அவர் பெரிதாகக் கலைப்பதில்லை, தோல் மட்டும் சுழன்றுகொண்டே இருக்கும். கோணல் பிடிக்காதவர்கள்கூட அவரிலிருந்து ஆரம்பிக்கலாம்.

போன் திரையில் பார்த்தால் போதுமா?

போதாது, ஆனால் பெரும்பாலோருக்கு அதுதான் வழி. பெரிய கித்தான்களில் ஒரு தலை நிஜத் தலையைவிடப் பெரிதாக இருக்கும், போனில் அது பொத்தான் அளவாகிவிடும், பயமெல்லாம் போய்விடும். ஏல நிறுவனங்களின் தளங்களில் படங்களை நன்றாகப் பெரிதாக்கிப் பார்க்க வசதி வைத்திருக்கிறார்கள், காசு கிடையாது. கணினியில் திறந்து, முதலில் படத்தின் பக்கத்தில் போட்டிருக்கிற உயரம், அகலத்தைப் படித்துவிட்டு உங்கள் வீட்டுச் சுவரில் அது எவ்வளவு இடம் பிடிக்கும் என்று கையை விரித்துப் பாருங்கள். அப்புறம் ஏதாவது ஒரு வாயில் ஆரம்பித்து மெல்லப் பெரிதாக்கிக்கொண்டே போங்கள், பல்லுக்குப் பின்னால் என்ன ஒட்டியிருக்கிறது என்று தெரிகிற வரைக்கும்.